ஆறு நிமிஷம் போதாது

"இன்னும் மெதுவா வாசிங்க, தம்பி."

லோரென்ஸ் பியானோவிலிருந்து கையை எடுத்தான். இதோடு நாலாவது தடவை.

"மேடம், இது ஆறு நிமிஷப் பாட்டு. நோட்டுல அப்படித்தான் போட்டிருக்கு."

"எனக்கு ஒன்பது நிமிஷம் வேணும்."

ஹெல்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மறுபடி வாசலுக்குப் போனாள். வியன்னாவின் அந்தக் கல்லறை மண்டபத்தில், இன்னும் ஒரு மணி நேரத்தில் அவள் மாமியாருக்கு இறுதிச் சடங்கு. பியானோ ஒலிக்கும்போது குடும்பத்தில் ஒருவர் வாசலிலிருந்து சவப்பெட்டி வரை நடந்து வந்து ரோஜா வைப்பார். வாசிப்பு நின்றால் பாதிரியார் பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்த நடைக்குத்தான் ஒத்திகை. ஹெல்கா ஒரு அடி வைத்தாள். நின்றாள். இன்னொரு அடி. மூன்றாவது வரிசைக்கு வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"இங்கே கொஞ்சம் காத்திருங்க. அவசரப்படாதீங்க."

பூங்கொத்து அடுக்கிக்கொண்டிருந்த மண்டப ஊழியர் போகோர்னி, லோரென்ஸின் காதருகே குனிந்தார்.

"மகாராணி ஊர்வலம் பாத்தீங்களா? மாமியாரை முதியோர் இல்லத்துல தள்ளின புண்ணியவதி! இப்ப ஊருக்காக நடிப்பு."

லோரென்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கவலை அவனுக்கு. செத்துப்போனவர் பேராசிரியர் வெய்டிங்கரின் அக்கா. இசைக் கல்லூரித் தேர்வில் அவனை இரண்டு முறை பெயிலாக்கிய அதே வெய்டிங்கர். 'சுரம் ஒன்றும் தப்பில்லை, உயிர்தான் இல்லை' என்று எழுதியே கொடுத்தவர். அடுத்த மாதம் கடைசி வாய்ப்பு. இன்று அவர் முன்வரிசையில் இருப்பார். இந்தப் பெண் சொல்கிறபடி இழுத்தால் அவன் பிழைப்பு போச்சு.

"பியானோ வயலின் இல்ல, மேடம். அடிச்ச சுரம் தானா அடங்கிடும். இழுத்துக்கிட்டே இருக்க முடியாது."

"அடங்கற வரைக்கும் காது குடுத்துக் கேளுங்க. அடங்கறதுக்குள்ள அடுத்ததைத் தொடுங்க. நோட்டைப் பாக்காதீங்க. நடக்கறவங்க காலைப் பாருங்க."

உன் காலைப் பார்ப்பதற்கா படித்தேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டான்.

பத்து மணிக்கு மண்டபம் நிறைந்தது. லோரென்ஸ் வாசிக்கத் தொடங்கினான். கதவு திறந்தது.

வந்தது ஹெல்கா இல்லை.

எண்பத்தெட்டு வயதுக் கிழவர். இறந்தவரின் கணவர் ஃபெர்டினாண்ட். பக்கவாதத்தில் இழுத்துக்கொண்ட இடது கால். ஒரு கையில் தடி, மறு கையில் ரோஜா.

போகோர்னி பதறிப்போய் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"எடுத்துட்டுப் போய்யா அதை! என் பொண்டாட்டிகிட்ட நான் நடந்துதான் போவேன்."

கிழவர் ஒரு அடி வைத்தார். நின்றார்.

லோரென்ஸின் விரலும் நின்றது. நோட்டை மறந்தான். பேராசிரியரையும் மறந்தான். அந்தக் கால் எழும்வரை சுரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தான். அடங்கப் போகிற நேரத்தில் அடுத்ததை மெல்லத் தொட்டான்.

மூன்றாவது வரிசையில் கிழவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். லோரென்ஸ் காத்திருந்தான். மண்டபத்தில் யாரோ விசும்பினார்கள்.

சவப்பெட்டியின் மேல் ரோஜா அமர்ந்த பிறகுதான் கடைசிச் சுரம் ஒலித்தது. முன்வரிசையில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். லோரென்ஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சுவரோரமாக நின்றிருந்த ஹெல்கா ஓடி வந்து மாமனாரைத் தாங்கி, பியானோ பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. ஆனாலும் முகமெல்லாம் பெருமை.

"என்னால முடியாதுன்னு சொன்னாங்களே ஹெல்கா, பாத்தியா? பாட்டு முடியறதுக்குள்ள வந்து சேந்துட்டேன்!"