மூன்றரை வரைக்கும்

மதியம் இரண்டரைக்கு நிதர்சனுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அடுத்த நொடியே, மனிதர்கள் பேரிலேயே பங்கு வாங்கி விற்கும் சந்தைக்குச் செய்தி போய்விடும். அங்கே அவன் பெயரில் ஓடும் பங்கு அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். அப்பா தங்கராசு கையில் மகனுடைய பங்குகள் நானூறு இருந்தன.

"வெறும் வாயுவாத்தான் இருக்கும் கண்ணு. மூணரைக்கு மார்க்கெட் மூடட்டும், போயிக்கலாம்" என்று அவனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து விற்க ஆரம்பித்தார்.

பயந்துகொண்டேதான் விற்றார். ஆனால் விலை ஒரு பைசாகூட இறங்கவில்லை. போடப்போட எவனோ ஒரு இளிச்சவாயன் அள்ளிக்கொண்டிருந்தான். மூன்றேகால் ஆவதற்குள் முந்நூற்றைம்பது போய்விட்டது.

உள்ளே எட்டிப் பார்த்தார். மகன் வியர்வையில் நனைந்து கிடந்தான். கையில் போன்.

"யாரோ என்ற பங்க வித்துத் தள்றாங்கப்பா" என்றான் மூச்சு வாங்க. "விலை விழுந்தா நீங்க தாங்கமாட்டீங்கன்னு, சேத்து வெச்சதையெல்லாம் போட்டு நாந்தான் வாங்கிட்டிருக்கறேன்."

தங்கராசு கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"இன்னொரு அம்பது வரும் கண்ணு" என்றார். "அதையும் வாங்கிப் போட்டுரு."