கிளிக்கு ஏற்ற வீடு

“மின்சாரம் என்பது மனித குலத்தின் அடிமை, மேடம்! ஆளத் தெரிந்தவனிடம் அது வாலாட்டும்; தெரியாதவனை வாரிச் சுருட்டிவிடும்!” என்று ஒரு விரலை உயர்த்தி முழங்கிய வோல்டேஜ் சார், அடுத்த மூச்சிலேயே உள்பக்கம் திரும்பி, “ஏம்மா, வேர்க்குது பாரு. வந்து ஃபேனைப் போடு” என்றார்.

ஸ்விட்ச் பலகை அவர் தோளை ஒட்டித்தான் இருந்தது. அதற்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு சின்னப் பூட்டு. ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்த மனைவி, கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியால் திறந்து, ஃபேனைப் போட்டுவிட்டு மறுபடி பூட்டினார்.

“அட, ஸ்விட்சுக்கே பூட்டா!” என்று வியந்தார் எதிரே உட்கார்ந்திருந்த பறவை டாக்டர்.

“பாதுகாப்பு என்பது ஒரு பழக்கம் மேடம்” என்றார் வோல்டேஜ் சார்.

மின்துறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். ஆலை ஆலையாகப் போய், ‘தொடாதே’ என்று பேசியே காலத்தைத் தள்ளியவர். முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புச் சட்டக் கண்ணாடி அவருக்கு ஒரு பேராசிரியர் களையைக் கொடுத்தது. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தாயிற்று; பேச்சுக்குத்தான் கிடைக்கவில்லை. கேட்க ஆள் வேண்டும். அதற்காகத்தான் கிளி.

கிளி, டாக்டரின் மடியில் கூண்டுக்குள் இருந்தது. சாம்பல் நிறம், சிவப்பு வால், அலகின் ஓரத்தில் கருகிய தழும்பு. முன்பு இருந்த வீட்டில் மேஜை விளக்கின் வயரைக் கடித்ததில் வந்தது.

“இது பொழைச்சதே பெரிய விஷயம் சார். அதனாலதான் வீட்டைப் பார்க்காம நான் யாருக்கும் தர்றதில்ல. போன வாரம் ஒரு வீட்ல சார்ஜர் வயர் சோபா மேல பாம்பு மாதிரி கிடந்துச்சு. உட்காரக்கூட இல்ல, வந்த வழியே திரும்பிட்டேன். கிளிக்கு வயர்னா அது கடிச்சு விளையாடத் தொங்கவிட்ட குச்சி.”

“நீங்களும் மாட்டேன்னு சொல்லிடாதீங்க டாக்டரம்மா” என்றார் மனைவி. “இவரு பேசறதைக் கேட்க ஒரு ஜீவன் வேணும். என் காது ரெண்டும் தேய்ஞ்சே போச்சு.”

“நீங்க சொல்ல வேணாம்மா. வீடே சொல்லும்” என்று டாக்டர் எழுந்தார்.

வீடு சொல்லத்தான் செய்தது. ஒரு முழ வயர்கூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் குழாய்க்குள் ஓடி சுவருக்குள் மறைந்தது. டிவிக்குப் பின்னால் இருந்த வயர்க் கொத்துக்கு மரப்பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. ஃபேனைச் சுற்றிக் கம்பிவலை. விளக்குக்குக் கூண்டு. இஸ்திரிப் பெட்டியும் ஹீட்டரும் அலமாரிக்குள், அதற்கும் பூட்டு.

“கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கற டிரிப் ஸ்விட்ச்?”

“ரூமுக்கு ஒண்ணு!”

“ஐயோ! எல்லாரும் வீட்டுக்கு ஒண்ணு போடவே மூக்கால அழுவாங்களே!”

டாக்டர் வியக்க வியக்க, வோல்டேஜ் சார் ஒரு சுற்றுப் பெருத்தார். எதையும் தான் செய்ததாக அவர் சொல்லவில்லை. செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. ‘பொருத்தப்பட்டுள்ளது’, ‘மூடப்பட்டுள்ளது’ என்று அலுவலகக் கடிதம் மாதிரியே பேசிக்கொண்டு வந்தார்.

சமையலறையில் இன்னொரு கண்ணாடி அலமாரி. உள்ளே ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளையர், டெஸ்டர். இதற்கு மட்டும் இரண்டு பூட்டு.

டாக்டர் ஒரு நிமிடம் குழம்பினார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. “புரிஞ்சிடுச்சு சார்! புத்திசாலிக் கிளிங்க திருகாணியைக்கூடக் கழட்டிப் போட்டுடும். அதுவரைக்கும் யோசிச்சிருக்கீங்களே! இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்ல.”

“தொலைநோக்கு மேடம். வேறொன்றுமில்லை” என்று வோல்டேஜ் சார் தன்னடக்கத்தோடு கூரையைப் பார்த்தார்.

கூண்டை அவர் கையில் கொடுத்தார் டாக்டர். கிளி தலையைச் சாய்த்து அவரையே பார்த்தது. ‘அன்பார்ந்த கிளியே’ என்று தொடங்கப் போகிறவர்போல அவர் தொண்டையைச் செருமினார்.

வாசல் வரை போன டாக்டர் திரும்பினார். “கேட்கணும்னு நினைச்சேன்மா. இதெல்லாம் புதுசா போட்டது இல்லையே? வலையில தூசி படிஞ்சிருக்கு, பூட்டெல்லாம் தேய்ஞ்சிருக்கு. இதுக்கு முன்னாடி வளர்த்தது எந்தக் கிளி? சரியான வாலா இருந்திருக்கணும்!”

“கிளியா?” என்றார் மனைவி. “நாங்க கோழிகூட வளர்த்ததில்ல டாக்டரம்மா. இவரு ரிட்டையர் ஆனதும், இனிமே எலக்ட்ரீஷியன் எதுக்கு, நானே பார்த்துக்கறேன்னு கிளம்பினாரு. இஸ்திரிப் பெட்டியைப் பிரிச்சாரு, தெருவே இருட்டாச்சு. ஓடற ஃபேனுக்கு எண்ணெய் விட ஏணி போட்டாரு. அப்புறம்தான் நானே ஆளைக் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் பூட்டினேன். அப்பவும் பாருங்க, போன மாசம் ஒரு நாள் சாவியை மறந்து வெளியில வச்சிட்டேன்...”

டாக்டர் வைத்திருந்த மதிப்பு இம்மியும் குறையவில்லை, அதற்குரிய ஆள்தான் மாறியது. அவர் கூண்டை வோல்டேஜ் சார் கையிலிருந்து மெல்ல வாங்கி, அந்த அம்மாளின் கையில் கொடுத்தார்.

வோல்டேஜ் சார் வியர்வையைத் துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு இடது புருவம் இல்லை.