இடப்பக்க முறுக்கு

டீச்சர் கொண்டுவந்த காரின் பானட்டைத் தூக்கியதும் மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போகிறது. ரேடியேட்டர் ஹோஸின் மேல்முனையில் யாரோ கம்பி சுற்றியிருக்கிறார்கள். அவன் எப்போதும் வலப்பக்கம் முறுக்குவான், இது இடப்பக்கம். இந்தப் பழைய காரை இத்தனை வருஷத்தில் வேறு கை தொட்டதே இல்லை. "யாரு கட்டினது, டீச்சர்?" "வழியில ஆவி பறந்துச்சுப்பா, ஒருத்தர் உதவினாரு. இன்னும் சொட்டுதே?" "கண்டவன் கையில குடுத்தா சொட்டாம என்ன செய்யும்?" டார்ச்சை அடித்துக் குனிகிறான். கம்பியைச் சுற்றி ஒரு துளி ஈரமில்லை. பச்சைத் தண்ணீர் சொட்டுவது கீழ்முனையில், ஹோஸை இறுக்கிப் பிடிக்கப் போன மாதம் அவனே மாட்டிய கிளாம்ப்பிலிருந்து. டார்ச்சை அணைக்கிறான். குறடை எடுத்து அந்த நல்ல கம்பிக்கட்டை நறுக்கென்று வெட்டி அவளிடம் நீட்டுகிறான். "பாருங்க டீச்சர், இதான் கோளாறு."