ஆண்டவரின் பல்பு

சிங்கள மணமக்கள் பொறுவை மணமேடையில் கால் வைத்தபோதுதான் என் போன் அதிர்ந்தது.

‘வீட்டில் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டரை நிறுத்துகிறேன்.’

அனுப்பியது என் கம்ப்யூட்டர்தான். நாவுலையில் நான் இந்தக் கல்யாணத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருக்க, உக்குவளை வீட்டில் அது போன வாரக் கல்யாணத்தை முடித்துக்கொண்டிருந்தது.

கரண்ட்காரர்களை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டினேன்.

என்னிடம் இருப்பது மலிவான யூபிஎஸ். கரண்ட் போனால் பீப் பீப் என்று கத்தும். கம்ப்யூட்டரிடம் சொல்லத் தெரியாது. ஒருமுறை அது கத்திக் கத்தி பேட்டரி தீர்ந்து, யாரோ இரண்டு பேரின் கல்யாணமே பாதியில் அழிந்துபோனது.

அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். சின்ன கேமரா ஒன்றைக் கம்ப்யூட்டரில் இணைத்து, சுவரிலிருக்கும் திரு இருதயப் படத்தின் பக்கம் திருப்பி வைத்தேன். படத்துக்குக் கீழே ஒரு சிவப்பு பல்பு இரவும் பகலும் எரியும். அது அணைந்தால் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் வேலையைச் சேமித்து, எனக்குத் தகவல் அனுப்பிவிட்டு நின்றுவிடும்.

ஆண்டவரையே வாச்சராக்கிவிட்டாயா என்று அம்மா ஏசினாள். அப்படியென்றால் அவருக்குச் சம்பளம் கொடு என்று பிரின்ஸி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிரின்ஸி என் தங்கை. திங்கட்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில், ஐ.சி.யு.வில். டெங்கு. அப்பா வெளியே போட்டிருக்கும் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்.

அவளைச் சேர்த்த அன்றே அம்மா புது பல்பு வாங்கி மாட்டினாள். மகள் வீடு வந்து சேரும்வரை அது அணையக் கூடாது என்று நேர்ந்துகொண்டாள். செபமாலையோடு படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழும்பவில்லை. இன்று காலை நான் வேலைக்குப் போகத் தயங்கியபோது, அவர் பார்த்துக்கொள்வார், நீ போ என்று படத்தைக் காட்டினாள்.

எனக்கு அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அம்மா சொன்னாளே என்று வந்தேன்.

கரண்ட் போய் அந்த பல்பு அணைந்தால் அம்மா பதறிப்போவாள். கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டு வெளியே வந்து அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் ஜைனுதீன் நானாவுக்கு அழைத்து, கரண்ட் எப்போது வருமாம் என்று கேட்டேன்.

“கரண்ட் இருக்குதானே தம்பி, இங்க பேன் ஓடுது. அம்மாவும் வாசப்படியில உக்காந்திருக்காங்க. கையில ஏதோ செவப்பு பல்பு ஒன்னு வச்சிருக்காங்க.”

உள்ளே சிறுமிகள் ஜயமங்கலப் பாட்டைத் தொடங்கியிருந்தார்கள்.

அணையக் கூடாது என்று நேர்ந்த பல்பை அம்மாவே கழற்றியிருக்கிறாள். பார்த்துக்கொள்வார் என்றாளே. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

நானா போனை வைக்கவில்லை. தங்கச்சிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

பரவாயில்லை என்றேன்.

அப்பாவின் அழைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.