உள்ளங்கையில் ஒரு பட்டம்

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட ஒரு கூட்டத்துக்கும் எட்டிப் பார்க்காத அய்யாக்கண்ணு, அன்றைக்கு முன்வரிசையில் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள் சிவரஞ்சனிக்கு நடப்பதை நம்பவே முடியவில்லை.

அரியலூர் மண்டபத்தில் நடந்த மேற்படிப்பு வழிகாட்டிக் கூட்டம் அது. அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியை திரையில் ஒவ்வொரு படிப்பாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். சிவரஞ்சனி காத்திருந்தது ஒரே ஒரு படிப்புக்குத்தான். பி.எஸ்சி. முடித்த நாள் முதல் மேலே ஜியாலஜி படிக்கிறேன் என்று கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறாள்.

"கல்லைப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற? அத்தை மவன் திருமுருகன் ஒன்பதாவதோட நின்னவன். லாரி வாங்கி ஓட்டலையா?" இதுதான் வீட்டில் கிடைத்த பதில்.

அதே அப்பா இப்போது கையைத் தூக்கினார்.

"மேடம், இந்தக் கல்லு மண்ணப் பத்திப் படிக்கிறாங்களே, அதுல பெரிய படிப்பு எதுங்க?"

"எம்.எஸ்சி. அப்ளைடு ஜியாலஜிங்க ஐயா. நம்ம பக்கம் பூராவும் சுண்ணாம்புக்கல்லு. சிமெண்ட் ஆலையில வேலை கிடைக்கும், ஆராய்ச்சிக்கும் போகலாம்."

"கேக்குறவங்களுக்குக் கௌரவமாத் தெரியுமுங்களா? பேருக்குப் பின்னாடி போட்டுக்கலாமா?"

மண்டபமே சிரித்தது. பேராசிரியையும் சிரித்துவிட்டு, "தாராளமாப் போட்டுக்கலாம்" என்றார்.

சிவரஞ்சனிக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது. இந்த மனுஷரையா கல்நெஞ்சுக்காரர் என்று அம்மாவிடம் திட்டித் தீர்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"இங்கிலீஷ்ல எழுதிக்க பாப்பா. ஒரு எழுத்து தப்பக் கூடாது."

காகிதம் தேடப் பொறுமையில்லாமல் அவள் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள். எழுதிய கையை மூடவும் மனசு வரவில்லை.

வெளியே வந்தவர் நேராக பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்கு அழைத்துப் போனார். இன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடுவார் போலிருக்கிறதே என்று அவள் பதறிப் போனாள்.

"போட்டோ, சர்டிபிகேட் ஒண்ணும் எடுத்துட்டு வரலியேப்பா."

"அதெல்லாம் தேவைப்படாது, வா."

கடையில் பாக்யலட்சுமி என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அய்யாக்கண்ணுவைப் பார்த்ததும் தெரிந்தவளாகத் தலையாட்டினாள். அவர் மகளின் கையைப் பிடித்து அவள் முன்னால் விரித்துக் காட்டினார்.

"இதப் பாத்து அப்படியே அடிச்சிரும்மா."

"பொண்ணு பேருக்குப் பின்னாடிதானேங்க?"

"இல்லம்மா. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை திருமுருகன் பேருக்குப் பின்னாடி. பொண்ணோட பி.எஸ்சி.ய எடுத்துரு."