மேளச் சத்தம் வந்த திசை

"நில்லுங்க, மேளம் கேக்குதா?" என்று பிரசன்னா கையை உயர்த்தினான். சீமைக்கருவேல முள்ளிலிருந்து சட்டையை விடுவித்துக்கொண்டே வந்த ஒன்பது பேரும் அவன் பின்னால் நின்றார்கள்.

தொம்... தொம்... என்று எங்கிருந்தோ வந்தது. பிரசன்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எனக்கு ஒண்ணியும் கேக்கல" என்றான் டில்லிபாபு.

"வருஷக்கணக்கா வேலையில இயர் பிளக் மாட்டிக்கினு நின்னா உனக்கு இன்னா கேக்கும்? வல்லக்கோட்டை முருகன் கோயில் மேளம்டா அது. உச்சிகால பூஜை ஆரம்பிச்சிட்டாங்க, வாங்க."

குரலில் இருந்த தைரியம் நெஞ்சில் இல்லை. வழி தவறி வெகு நேரமாகியிருந்தது. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று பிரசன்னா நம்பிக்கொண்டிருந்தான்.

ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டு போவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. எல்லாரும் ஒரகடத்தில், கார் கதவுக்குத் தகடு அடிக்கும் ப்ரெஸ் ஷாப்பில் அவனோடு வேலை செய்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்றால் இரட்டைச் சம்பளம். "ஒரு நாளாவது கம்பெனி மூஞ்சில முழிக்காம இருப்போம், சேரப்பணஞ்சேரியில வேனை வுட்டுட்டு ஏரிக்கரை மேலயே நடப்போம், வல்லக்கோட்டையில சாப்பாடு" என்று வாரம் முழுக்க கேன்டீனில் பேசிப் பேசி, அந்த ஓ.டி.யை அவர்கள் வேண்டாம் என்று சொல்லும்படி செய்தவன் அவன்.

சூப்பர்வைசர் விஜயராகவனுக்கு வெள்ளிக்கிழமையே சேதி போய்விட்டது. "மிஷினெல்லாம் நான் ஒருத்தனே ஓட்டணுமா? பெரிய தலைவனாயிட்ட. திங்கக்கிழமை வா, பேசிக்கிறேன்" என்றார். பிரசன்னாவின் வாய் சும்மா இருந்ததா? "எங்க தயவில்லாம ஓட்டிப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

இந்த நடை சொதப்பினால் திங்கட்கிழமை அவர் ஒரு பக்கம், இந்த ஒன்பது பேர் இன்னொரு பக்கம். கம்பெனியில் தலைநிமிர்ந்து சோறு தின்ன முடியாது.

தலைவனுக்கு வேண்டிய எல்லாவற்றையும் வாங்கியிருந்தான். தொப்பி, விசில், கழுத்தில் தொங்கும் பைனாகுலர். வழியை மட்டும்தான் விசாரிக்கவில்லை.

செல்போன் படத்தில் பச்சைப்பசேலென்று தெரிந்த ஏரிக்கரைப் பாதையை, நேரில் புதிதாக எழுப்பிய ஒரு காம்பவுண்டுச் சுவர் மறித்துக்கொண்டிருந்தது. "நடக்கும்போது யாரும் போனைப் பாக்கக் கூடாது" என்று சட்டம் போட்டு, எல்லாருடைய போனையும் வேனிலேயே வைக்கச் சொன்னதும் அவன்தான். தலைவனுடைய போனோ, தலைவன் முன்னால் நடக்கும் அழகைத் தானே வீடியோ எடுத்துக்கொண்டு வந்ததில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது.

மற்றவர்களைக் கேட்கலாம் என்றால், கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் தூங்கி, முன் கேட்டில் கண் விழிக்கிறவர்களுக்கு ஏரி எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

"தம்பி, இந்த ஒத்தச் செருப்பை முன்னாடியே ஒருவாட்டி பாத்தோமே" என்றாள் செக்கிங்கில் இருக்கும் ரத்னா.

"அது இடது கால் செருப்புக்கா. இது வலது."

ரத்னா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அவசரமாகப் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு முள்மரத்தை ஆராய்ந்தான்.

நல்ல வேளையாக மேளம் நெருங்கிக்கொண்டே வந்தது. இப்போது டில்லிபாபுவுக்கே கேட்டது. "இன்னாடா, விட்டு விட்டு அடிக்கிறாங்க?"

"ஞாயித்துக்கிழமைதானே. ஆள் கம்மியா இருப்பாங்க."

ஒரு மண்மேட்டில் ஏறி இறங்கியதும் ரத்னா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். "கோயில்கிட்ட வந்துட்டோம், யாரும் செருப்போட போவாதீங்க" என்றாள். எல்லாரும் கழற்றினார்கள். முள் குத்தக் குத்த நொண்டிக்கொண்டே நடந்தார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

பிரசன்னா அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நம்மையும் நம்பி ஒன்பது பேர் வந்தார்கள், கைவிடாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். திங்கட்கிழமை யார் என்ன கேட்டாலும் பதில் இருக்கிறது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கடைசிப் புதரை விலக்கினால், நீளமாக வெள்ளையடித்த உயரமான சுவர். நடுவில் சின்ன இரும்புக் கதவு.

"கோயில் மதில். நாம பின்வாசலுக்கு வந்துட்டோம், அவ்ளோதான்" என்று அறிவித்தான் பிரசன்னா. பைனாகுலரை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் கைகூப்பினான். ஒன்பது பேரும் அவனுக்குப் பின்னால் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள்.

மேளம் நின்றது. "பூசை முடிஞ்சிட்சி போல" என்று ரத்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவு திறந்தது. முழங்கை வரைக்கும் கிரீஸோடு, இரண்டு காதிலிருந்தும் இயர் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டே வெளியே வந்தார் விஜயராகவன்.

வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெறுங்காலும் வேர்வையுமாகக் கைகூப்பி நிற்கும் பத்துப் பேரையும் ஒருமுறை பார்த்தார். முன்னால் நின்ற பிரசன்னாவின் கன்னத்தில் வழிந்த கண்ணீரையும் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

"அழாதப்பா, மன்னிச்சிட்டேன், எல்லாரும் உள்ள வந்து ஷூவை மாட்டிக்கினு மிஷின்ல நில்லுங்க."