வைக்கோலுக்குள் வெள்ளைக் கார்

காரை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைப்பது துளசிராமனின் யோசனை. கொல்லையில் நிறுத்தி, மேலே ஒரு வண்டி வைக்கோலைக் குவித்து முடித்ததும், நாலு அடி பின்னால் போய் நின்று சாமி அலங்காரத்தைப் பார்ப்பது போல ரசித்தான்.

“எவன் வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது. சாவிய நீ பத்திரமா வெச்சிக்கோ. யார் கேட்டாலும் கார் இல்லன்னு சொல்லு” என்று மனைவி நர்மதாவிடம் சொல்லிவிட்டு, பொன்னேரியில் ரயிலைப் பிடித்து கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போய்விட்டான்.

நர்மதாதான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மகளிர் உரிமைத் தொகை வாங்குகிறவர்கள் வீட்டைச் சரிபார்க்க ஆபீசர் வரப்போகிறார், கார் இருந்தால் பெயரையே அடித்துவிடுவார் என்று ரேஷன் கடையில் பேசிக்கொண்டார்கள். மாதா மாதம் தன் கணக்கில் விழும் அந்த ஆயிரம் ரூபாய்தான், அவள் யாரிடமும் கை நீட்டாமல், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் செலவழிக்கிற ஒரே பணம். காரை வாங்கியது அவன். அதில் ஏறி ஊரைச் சுற்றுவது அவன். பறிபோவது மட்டும் இவள் பணமா? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து மணிக்கு ஆபீசர் வந்தே விட்டார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல், முகத்தில் நல்ல சிரிப்பு. பெயர் தணிகாசலம் என்றார்.

“உரிமைத் தொகை வெரிஃபிகேஷன்மா. ஊட்ல வண்டி ஏதாச்சும் இருக்கா?”

“ஒரு ஓட்ட சைக்கிள் இருக்குது சார். அதுலயும் காத்து நிக்காது.”

“கார்?”

“நல்லா கேட்டீங்க போங்க! நாங்க இன்னா ஜமீன் பரம்பரையா?”

அவர் சிரித்துவிட்டார். நர்மதாவுக்கும் தைரியம் வந்தது. மோர் கொண்டுவரலாம் என்று முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அங்கே ஏற்கெனவே செருகியிருந்த சாவியில் எந்தப் பொத்தான் அழுந்தியதோ, கொல்லையில் வைக்கோல் போர் ‘பாம் பாம்’ என்று அலற ஆரம்பித்தது. மேலே கிளறிக்கொண்டிருந்த கோழிகள் நாலு பக்கமும் பறந்தன. வைக்கோலுக்கு நடுவே மஞ்சள் விளக்கு வேறு விட்டு விட்டு எரிந்தது. நர்மதா சாவியை எடுத்து எல்லாப் பொத்தானையும் அழுத்தி ஒரு வழியாக அதன் வாயை அடைத்தாள்.

தணிகாசலம் போரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, வைக்கோல் ஹாரன் அடிக்குது?”

“சார், தெரியாம பண்ணிட்டோம் சார். காரு அவரோடது. நான் அதுல நாலு தடவகூட ஏறல. என் காச மட்டும் நிறுத்திடாதீங்க சார்.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அட, அழாதம்மா. நான் எதையும் பாக்கல, எதையும் கேக்கல. போதுமா? ஆனா மத்தியானம் எங்க மேடம் திரும்ப ஒரு ரவுண்டு வருவாங்க. அப்ப இது மறுபடி கத்திச்சுன்னா எனக்குத்தான் பேஜாரு.”

“எங்கயாச்சும் தள்ளி நிறுத்தலாம்னா எனக்கு ஓட்டத் தெரியாதே. உங்களுக்குக் கார் ஓட்ட வருமா சார்?”

“வரும். ஆனா அதெல்லாம் தப்பும்மா.”

“பொன்னேரி ஸ்டேஷன் ஸ்டாண்டுல உட்டுட்டாப் போதும் சார். சாயங்காலம் அவரு ரயில விட்டு எறங்கி எடுத்துக்கினு வந்துடுவாரு.”

முடியவே முடியாது என்றார். வேலை போய்விடும் என்றார். நர்மதா விடவில்லை. கெஞ்சி, கையெடுத்துக் கும்பிட்டு, கடைசியில் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். வேறு வழியில்லாமல் அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டு அவளோடு சேர்ந்து வைக்கோலை ஒதுக்கினார்.

“சாவிய ஸ்டாண்டுக்காரர்கிட்ட குடுத்து வெக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். தோட்டத்துக் கத்தரிக்காயை ஒரு பை நிறைய நீட்டினாள். அதைக்கூட வாங்க மறுத்துவிட்டார். இந்தக் காலத்தில் இப்படியும் ஓர் ஆபீசரா என்று நர்மதாவுக்கு மனம் நிறைந்துவிட்டது.

சொன்னபடியே மத்தியானம் மேடம் வந்தார். கூடவே ஊருக்கெல்லாம் தெரிந்த தலையாரி அரசப்பன்.

“வாங்க மேடம். உங்களத்தான் எதிர்பாத்துக்கினு இருந்தேன். தணிகாசலம் சார் சொன்னாரு” என்றாள் நர்மதா சிரித்த முகமாக.

“எந்தத் தணிகாசலம்?”

“உங்க ஆபீஸ் சாருதான் மேடம். காலைல வெரிஃபிகேஷனுக்கு வந்தாரே?”

அரசப்பன் தலையைச் சொறிந்தார். “நம்ம ஆபீஸ்ல அப்படி யாரும் கெடையாதும்மா. இந்த ஊருக்கு மேடம் ஒருத்தர்தான். உன் ஊடுதான் மொத ஊடு.”

நர்மதா மெல்லக் கொல்லைப் பக்கம் திரும்பினாள். சரிந்து கிடந்த வைக்கோல் மேல் கோழிகள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. வாயைத் திறந்து கத்தினால் கார் கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால் ஆயிரம் ரூபாய் நிச்சயம் போய்விடும். துளசிராமனின் முகம் ஒரு நிமிஷம் கண்முன்னால் வந்து போனது.

“சரி, அத அப்புறம் விசாரிக்கலாம்” என்று மேடம் பேனாவைத் திறந்தார். “வீட்ல கார் இருக்கா?”

“சத்தியமா இல்லீங்க மேடம்” என்று அந்தக் கேள்விக்கு அன்றைக்கு முதல் தடவையாக உண்மையைச் சொன்னாள் நர்மதா.